அணு ஆலையில் பாதுகாப்புப் பொறியாளர்

மைசூரு நகரை அடுத்த ரத்னஹள்ளியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அரிய பொருள் ஆலை அமைந்துள்ளது. யுரேனியத்தைச் செறிவூட்டுவது அதன் பணியாகும். நாட்டின் பாதுகாப்பைக் கருதி இத்தகைய ஆலைகளின் விவரங்கள் விரிவாக வெளியிடப்படுவதில்லை. எனவே ஒரு வினா முக்கியத்துவம் பெறுகிறது. வெளியார் நுழைய இயலாத ஓரிடத்தில், எழுதப்பட்ட விதிகள் நாள்தோறும் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதை யார் உறுதி செய்வது? அப்பொறுப்பின் பெரும்பகுதி, ஆலையிலேயே இருந்து பணியாற்றும் பாதுகாப்புப் பொறியாளரைச் சார்ந்தது.

ஆபத்தின் இயல்பு

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 ஏறத்தாழ 0.7 விழுக்காடே உள்ளது. இவ்விகிதத்தை உயர்த்துவதே செறிவூட்டல். இதற்காக யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு என்னும் சேர்மம் வாயு நிலையில், அதிவேகமாகச் சுழலும் மையவிலக்குக் கருவிகளுள் செலுத்தப்படுகிறது. இச்சேர்மம் ஈரக்காற்றுடன் கலந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகிறது. அது கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் கொடிய நச்சு. ஆகவே இவ்வகை ஆலைகளில் முதலில் அஞ்சத்தக்கது கதிர்வீச்சு அன்று. வேதிப்பொருளின் கசிவே ஆகும்.

இரண்டாவது ஆபத்து, செறிவூட்டிய யுரேனியம் அளவுக்கு மிஞ்சி ஓரிடத்தில் சேர்வது. அவ்வாறு சேருமானால் உலையின்றியே தொடர்வினை தொடங்கிவிடும். பாத்திரத்தின் வடிவமும் இதில் முக்கியமானது. ஒடுங்கிய நெடுங்கலத்தில் நியூட்ரான்கள் எளிதில் வெளியேறிவிடுகின்றன. அகன்ற கலத்தில் அவை உள்ளேயே தங்கிப் பிளவைப் பெருக்குகின்றன. அளவு, வடிவம் ஆகிய இரண்டுக்கும் வரம்பு விதிக்கப்படுவது இதனால்தான்.

தோக்காய்முரா தரும் பாடம்

இவ்வரம்பு மீறப்பட்டால் நேர்வது யாது என்பதை ஜப்பானின் தோக்காய்முராவில் 1999 செப்டம்பர் 30 அன்று நிகழ்ந்த விபத்து காட்டியது. அங்குள்ள எரிபொருள் ஆலையில், ஏறத்தாழ 19 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியக் கரைசலைத் தொழிலாளர்கள் வாளிகளால் ஓர் அகன்ற தொட்டியில் ஊற்றினர். அத்தொட்டிக்கு உரிய வரம்பு 2.4 கிலோகிராம், சேர்ந்ததோ 16 கிலோகிராமுக்கும் மேல். தொடங்கிய தொடர்வினை சுமார் 20 மணி நேரம் நீடித்தது. தொழிலாளர் இருவர் பின்னர் உயிரிழந்தனர்.

இவ்விபத்து கருவியின் பழுதால் நேர்ந்ததன்று. அனுமதி பெற்ற செய்முறையில் வாளிக்கு இடமில்லை. வேலையை விரைவுபடுத்த நிறுவனம் அனுமதியின்றியே செய்முறையை மாற்றிக் கொண்டது. நாளடைவில் அம்மாற்றமும் மீறப்பட்டது. ஏட்டில் உள்ள விதிக்கும் நடைமுறைக்கும் இடையே தோன்றும் இவ்விடைவெளியைத் தொடக்கத்திலேயே காண்பதுதான் பாதுகாப்புப் பொறியாளரின் தலையாய கடமை.

அன்றாடப் பணி

இக்கடமை சிறு செயல்கள் பலவற்றால் ஆனது. முறைமாற்றத்தின்போது எழுதப்பட்ட பதிவேடுகளைப் படித்தல், அழுத்தமானியின் அளவைப் பதிவோடு ஒப்பிடுதல், கால எல்லைக்குள் சோதிக்கப்படாத வால்வுகளைக் கண்டறிதல், தற்காலிகமாக எனக் கூறித் துண்டிக்கப்பட்ட எச்சரிக்கை மணி மீண்டும் இணைக்கப்பட்டதா எனப் பார்த்தல் ஆகியவை அவற்றுட் சில. தற்காலிக மாற்றங்களே பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றன என்பது அனுபவம் கற்பித்த உண்மை.

தொழிலாளர் பெறும் கதிர்வீச்சின் அளவும் கண்காணிக்கப்பட வேண்டும். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்த வரம்பின்படி, கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேலும், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேலும் பெறலாகாது. வரம்புக்கு உட்பட்டிருந்தால் மட்டும் போதாது. இயன்ற அளவு குறைப்பதே நெறியாகும்.

கைகாவில் நேர்ந்தது

விதிகளைப் பின்பற்றியும் தவறு நேரலாம் என்பதற்குக் கர்நாடக மாநிலமே சான்று தருகிறது. காளி ஆற்றங்கரையில் உள்ள கைகாவில் அணுமின் நிலையம் கட்டப்பட்டு வந்தபோது, 1994 மே 13 அன்று முதல் அலகின் உட்கவிகை மாடத்தின் கீழ்ப்பகுதிக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உலையில் எரிபொருள் இடப்படாத காலமாதலால் கதிர்வீச்சு ஆபத்து எழவில்லை. மாடத்தினுள் இறுக்கப்பட்ட எஃகு வடங்களின் விசையால், கான்கிரீட்டின் கனத்தைப் பிளக்கும் இழுவிசை தோன்றியது. அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் வடிவமைப்பில் போதுமானவையாக இல்லை.

ஒழுங்குமுறை வாரியம் பணியை நிறுத்தியது. மாடம் புதிதாக வடிவமைக்கப்பட்டு, உயர்திறன் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பப்பட்டது. முதல் இரு அலகுகளும் 2000ஆம் ஆண்டில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஆண்டுகள் சில இழக்கப்பட்டன என்பது மெய்யே. ஆனால் அதே முதல் அலகு 2016 மே முதல் 2018 டிசம்பர் 31 வரை 962 நாட்கள் இடைவிடாது இயங்கி, அந்நாளில் உலகச் சாதனை படைத்தது. பாதுகாப்புக்காகச் செலவிட்ட காலம் உற்பத்திக்குப் பகையன்று என்பதை இது உணர்த்தும்.

தற்சார்பின் தேவை

பணியை நிறுத்துமாறு கூறும் அதிகாரம், உற்பத்திக்குப் பொறுப்பானவரிடமே இருந்தால் அது பயன்படாமற் போகலாம். அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டின் மூன்று மைல் தீவு விபத்துக்குப் பின், அணுமின் நிலையந்தோறும் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்கள் தங்கிப் பணியாற்றும் முறை வலுப்பெற்றது. இந்தியாவில் ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது. அணுமின் நிலையங்களில் அதன் பார்வையாளர்கள் தங்கிப் பணியாற்றும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளோ, 2000ஆம் ஆண்டில் வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து நீக்கப்பட்டு, அம்மையத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. வாரியத்துக்குப் போதிய சட்டத் தகுதி இல்லாமையை 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் சுட்டிக்காட்டினார். அத்தகுதியை வழங்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது.

சட்டம் அளிக்கும் தகுதி இன்றியமையாதது. எனினும் அது பாதி வழியே. உடன் பணிபுரிவோரின் நட்பும், உற்பத்தி இலக்கின் நெருக்கடியும், பல்லாண்டு விபத்தின்மை தரும் மெத்தனமும் பொறியாளரின் கண்ணை மறைக்கக் கூடும். ஆகவே அவர் எழுதும் அறிக்கை ஆலை மேலாளரைக் கடந்து மேலிடத்தை எட்டுதல் வேண்டும்; குறையைக் கூறியதற்காக அவருடைய பதவி உயர்வு தடைப்படலாகாது. மதில் உயர்ந்த ஆலையில் மக்களின் கண்ணாக இருப்பவர் அவரே. கண்டதை அஞ்சாது எழுதும் சூழலை அவருக்கு உருவாக்கித் தருவது நிருவாகத்தின் கடமையாகும்.