முந்திய பள்ளியை விட்ட காரணம்

நம் பிள்ளைகள் உத்தியோகத்துக்கு மனுப் போடும்போது மற்றக் கட்டங்களையெல்லாம் மளமளவென்று நிரப்பிவிட்டு, ஒரு கட்டத்தில் வந்து பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ‘முந்திய வேலையை விட்ட காரணம்’ என்பதே அந்தக் கட்டம். நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு சரி. ஆனால் கடைக்கு ஆள் எடுத்துப் பழகியவன். மனுவை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து படிப்பவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, நம் கடையில் அரிசி வாங்கும் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் வந்தார். ஆசிரியர். “பாய், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று ஒரு பாரத்தை நீட்டினார். சில வருஷங்களுக்குள் மூன்று இடங்களில் போதித்திருக்கிறார். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் எழுதியிருந்தார்: ‘சொந்தக் காரணம்’.

“தம்பி, மூன்று மாதக் கணக்கிலும் ‘சில்லறைச் செலவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?” என்று கேட்டேன். சிரித்தார். பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

முதல் இடம் ஒரு பாலர் பள்ளி. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கதவை மூடியது, பிறகு திறக்கவேயில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ‘பள்ளி மூடப்பட்டது’ என்று இரண்டே சொல்லில் எழுதலாம். நம் பாட்டன்மார் காலத்திலும் இது நடந்ததுதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்த தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டியிருந்தது. ஆகவே தோட்டம் இருக்கும் வரைதான் பள்ளி. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் வந்தபோது தொழிலாளரோடு ஆசிரியர்களும் மூட்டை கட்டினார்கள். (அந்தத் துண்டாடலைக் கண்டுதான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.) அவர்களை நிலையில்லாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது இடம் டியூஷன் நிலையம். மாலை நேர வேலை மட்டுமே. முழுநாள் வகுப்பறை வேண்டும் என்று விட்டாராம். சில மாதமே இருந்ததால் அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்டார். விடக்கூடாது. முதலாளி எந்தெந்த மாதத்துக்குச் சந்தா கட்டினார் என்பது ஊழியர் சேமநிதிக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. வியாபாரிகளாகிய நமக்கு இது நன்றாகத் தெரியும். மேலும், குறைந்த காலம் இருந்தது குற்றமல்ல. 1904இல் சுப்பிரமணிய பாரதியார் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தது சில மாதங்கள்தாம். அதுவும் தற்காலிக இடம். பிறகு சென்னைக்குச் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகைக்குப் போனார்.

மூன்றாவதுதான் சிக்கல். ஒரு தனியார் பள்ளியில் சம்பளம் மாதாமாதம் பிந்தியது. கேட்டார், வாக்குவாதமாயிற்று, விட்டார். “இதை எழுதினால் சண்டைக்காரன் என்பார்களே, பாய்?” என்றார். நியாயமான பயம். நானும் இதை இரண்டு நாள் யோசித்தேன்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7ஆம் நாளுக்குள் கூலி கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் முறையிடத் தொழிலாளர் இலாகா இருக்கிறது. இமாம் நவவி அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள 6 நிலைமைகளை வகுத்திருக்கிறார்கள். அநீதிக்குப் பரிகாரம் செய்ய வல்லவரிடம் முறையிடுவது அவற்றில் ஒன்று. வேலை மனுவைப் படிக்கும் புதிய தலைமையாசிரியர் அந்தச் சம்பளத்தை வாங்கித் தரப்போகிறவர் அல்லர். ஆகவே வழக்கை இலாகாவில் வைக்க வேண்டும். மனுவில் ‘ஊதியம் ஒப்பந்தப்படி கிடைக்காததால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து விலகினேன்’ என்ற ஒரு வரி போதும். நேர்காணலில் கேட்டால் அதையே சொல்லலாம், கூட்டாமலும் குறைக்காமலும்.

‘முறைப்படி’ என்று எழுத, முறைப்படி விட்டிருக்க வேண்டும் அல்லவா? ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எழுதப்படாவிட்டால் சட்டமே அளவு சொல்கிறது: 2 வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், 5 வருஷத்துக்குக் குறைந்தால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். நல்ல வேளையாகத் தம்பி கடிதம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார், நகலும் வைத்திருக்கிறார்.

அரசாங்க ஆசிரியர்களின் கதை வேறு. அவர்கள் வேலையை விடுவதில்லை, இடம் மாறுகிறார்கள். கல்வி அமைச்சின் ‘ஈ-ஜிதுக்கார்’ என்னும் கணினி வழியாக விண்ணப்பிக்கிறார்கள். கணவன் மனைவி சேர்ந்திருக்க வேண்டும், நோய் என்பன போன்ற காரணங்களுக்கு அத்தாட்சி வேண்டும்: திருமணச் சான்று, துணைவர் வேலை செய்யும் இடத்தின் கடிதம், டாக்டர் அறிக்கை. நம் புலாவ் செபாங் ஆசிரியருக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் தம்பினுக்கு மாறினாலும் அது நெகிரி செம்பிலான். மாநிலம் விட்டு மாநிலம் போகிற மனுவாகிவிடுகிறது!

காரணத்தை நாம் சொல்லாவிட்டால் ஊர் ஒன்றைச் சொல்லும். இமாம் கஸ்ஸாலி அவர்கள் 1095இல் பக்தாதின் நிஸாமிய்யா மதரஸாவில் ஆசிரியர் பீடத்தைத் துறந்தபோது, மக்காவுக்குப் போவதாக வெளியில் சொல்லிவிட்டு டமாஸ்கஸ் சென்றார்கள். ஆட்சியாளருக்குப் பயந்து போனார் என்று சிலர் கதை கட்டினார்கள். தம் உள்ளத்துக் காரணத்தைப் பிற்காலத்தில் ‘அல்முன்கித்’ என்னும் நூலில் அவர்களே எழுதவேண்டியதாயிற்று.

நானும் ஒரு முறை அப்படிக் கதை கட்டியவன்தான். பிள்ளைகளுக்கு மாலையில் ஓதிக்கொடுக்க வந்த ஓர் உஸ்தாதை, மூன்று ஊர் மாறியவர் என்று கேள்விப்பட்டு, கேள்வியே கேட்காமல் வேண்டாம் என்றேன். படுக்கையில் கிடந்த தாயாரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரோ அந்த ஊரில் எல்லாம் வேலை பார்த்திருக்கிறார் என்பது, அவர் வேறு இடத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பி பாரத்தைக் கடை மேசையிலேயே திருத்தி எழுதினார். மூன்று ‘சொந்தக் காரண’மும் அடிபட்டுப்போயின. மறுநாள் புதுத் தாளில் படியெடுத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.