குவாதலூப்பில் இரண்டு வீடு எடுங்கள்

பாரிசுக் குளிர் எலும்புக்குள் இறங்கும்போது எங்கள் வீட்டில் குவாதலூப் பேச்சு வந்துவிடும். ஓர்லியில் ஏறினால் எட்டரை மணி நேரத்தில் கரீபியன் கடல். யூரோவே செல்லும், சிம் கார்டு மாற்ற வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அடையாள அட்டையே போதும். இந்தியாவிலிருந்து வரும் உறவினரைக் கூட்டிப் போவதென்றால் மட்டும் விசா வேலையை முதலில் முடியுங்கள். தீவு பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. காரைக்காலிலிருந்து வந்த என் அத்தைக்குத் தூதரகத்தில் கடல்கடந்த மாவட்டங்களுக்கென்று தனியாகவே கேட்டு வாங்கினோம்.

போக நினைக்கும் நண்பர்கள் எந்தக் கடற்கரை நல்லது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். நான் திரும்பக் கேட்பது, எங்கே தங்கப் போகிறீர்கள் என்று. வரைபடத்தில் தீவு ஒரு வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். மேற்குச் சிறகு பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவி, கறுப்பு மணல். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: சுண்ணாம்புக்கல் தரை, கரும்புக்காடு, வெள்ளை மணல், குறைந்த மழை. நடுவில் உப்பங்கழி போல ஒரு குறுகிய நீர்வழி, அதன்மேல் இரண்டு பாலங்கள். தீவின் போக்குவரத்தெல்லாம் அந்தப் பாலங்களிலும் பக்கத்து ஜாரி தொழிற்பேட்டையிலும் வந்து முட்டும். கிழக்கு முனையில் சேன்-பிரான்சுவாவில் அறை எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்கு ஆமை பார்க்கப் போனால், நெரிசல் உள்ள நாளில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. விடுமுறை காரிலேயே கழியும்.

ஆகவே இரண்டு இடத்தில் தங்குங்கள். பாதி நாட்கள் பாஸ்-தேரின் மேற்குக் கரையில், புயாந்த் அல்லது தெஹே பக்கம். மீதி கிராந்த்-தேரில், சேந்த்-ஆன் சுற்றுவட்டாரத்தில். முதலில் மேற்கு. குளிர்காலத்தில் தீவின் கடிகாரம் பாரிசுக்கு ஐந்து மணி பின்னால் இருப்பதால், போன புதிதில் விடிகாலை நாலு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். எரிமலை ஏற அதைவிடத் தோதான உடல்நிலை அமையாது.

லா சூஃப்ரியேர் 1,467 மீட்டர். சிறிய அண்டிலிஸ் தீவுகளில் இதுதான் உயரமான சிகரம். 1976-இல் இது குமுறியபோது 70,000-க்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றி வைத்திருந்தார்கள். இன்றும் உச்சியில் கந்தகப் புகை வரும். வாயு காரணமாகச் சில பகுதிகளுக்குப் போகத் தடை உண்டு, பலகையைப் பார்த்து நடங்கள். பேன்-ஜோன் என்ற இடம் வரை கார் போகும், அங்கிருந்து ஏற்றம் இரண்டு மணி நேரத்துக்குள். விடியும்போதே நடக்கத் தொடங்கிவிடுங்கள். பத்து மணிக்கெல்லாம் உச்சியில் மேகம் உட்கார்ந்துவிடும். வெப்பத் தீவுதானே என்று பனியனோடு ஏறியவர்கள் மேலே காற்றிலும் தூறலிலும் பல் கிட்டி நிற்பதைப் பார்க்கலாம். இறங்கியதும் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, கால் வலிக்கு இதம். கழுத்து வரை இறங்கலாம், தலையை முக்காதீர்கள். இந்தத் தீவின் வெந்நீர் ஊற்றுகளில் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா உண்டு. பிள்ளைகளை நான் அதில் இறங்கவே விடுவதில்லை.

ஆமைகளுக்கு மலாந்தூர். கறுப்பு மணல், எதிரே பிஜோன் குட்டித் தீவுகள். கடலாய்வாளர் குஸ்தோவின் பெயரில் அங்கே ஒரு கடற்காப்பகம் இருக்கிறது. படகுச் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்குமுன் வெறும் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கரையோரமாகவே நீந்திப் பாருங்கள். கடற்புல்லை மேய்ந்துகொண்டிருக்கும் பச்சை ஆமை தன்பாட்டுக்கு மேலே எழும், மூக்கை மட்டும் நீட்டி ஒரு மூச்சு இழுக்கும், மறுபடி இறங்கி விட்ட இடத்திலிருந்து புல்லைக் கத்தரிக்கும். தொடுவதும் துரத்துவதும் குற்றம்.

லே சேந்த் தீவுகளுக்கும் இந்தப் பாதியிலேயே போய்வந்துவிடுங்கள். த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து படகில் சுமார் இருபது நிமிடம். நடுவில் அலை தூக்கிப் போடும், பின்வரிசையில் உட்காருங்கள். மேலே இருக்கும் நெப்போலியன் கோட்டை காலையில் மட்டும்தான் திறந்திருக்கும், அதனால் முதல் படகு. துறையில் கூடையோடு நிற்கும் பெண்கள் தேங்காய் இனிப்பு வைத்த குட்டிப் பணியாரம் விற்பார்கள், தூர்மான் தமூர் என்று பெயர். வாங்கிய சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும்.

வீடு மாறும் நாளைத் தெற்குக் கரைச் சாலையில் கழியுங்கள். அதில் காபெஸ்தேர் வரும், அங்கே சான்ஜியில் சாலையோரமாகவே ஒரு மாரியம்மன் கோயில். வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்களோடு அதைப் பார்த்ததும் அத்தை காரை நிறுத்தச் சொன்னார். அடிமைமுறை 1848-இல் ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பினார்கள். முதல் கப்பல் ஓரெலி 1854 டிசம்பர் 24-இல் இங்கே வந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் சுமார் 42,000 பேர் வந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்று ஆன்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய வழக்கு முடிய 1923 ஆனது.

கோயிலில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவைக் காட்டி, "எந்த ஊர் பூர்வீகம்னு கேளு" என்றார் அத்தை. கேட்டேன். கப்பலில் வந்தவர் பாட்டனாருக்குப் பாட்டனார், அதற்கு மேல் தெரியாது என்று சிரித்தார் அந்தம்மா. பிறகு அத்தையின் தாலிக்கொடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுங்கள், படமெடுக்குமுன் கேளுங்கள். சுற்றுலா இடம் என்ற நினைப்பில் யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. வீடு மாறும் நாள் என்பதால் பெட்டிகள் எல்லாம் காரில் இருக்கும், வெளியே தெரியும்படி எதையும் வைத்துவிட்டு இறங்காதீர்கள்.

சாப்பாட்டில் நம் நாக்குக்குக் குறை வராது. கொலம்போ என்பது அங்கத்திய குழம்பு: மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகோடு வறுத்த அரிசியும் சேர்த்து இடித்த பொடி, ஆட்டுக்கறி, கோழி. காரம் குறைவு, மிளகாய் தனியாக வரும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சைவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். சௌசௌ, ஈரப்பலா, பூசணி எல்லாம் சந்தையில் குவிந்து கிடக்கும், ஆனால் உணவகத்தில் கறியில்லாத தட்டு கிடைக்க மெனக்கெட வேண்டும். அடுப்புள்ள வீடாக எடுத்தால் தீர்ந்தது. சூப்பர் மார்க்கெட் விலை பாரிசைவிடத் தலைசுற்றும், இறக்குமதிப் பொருளுக்குக் கடல்வரி உண்டு. எண்ணெயில் பொரித்து உப்பிய மாவை நடுவில் கீறிக் கருவாடு அடைத்துத் தரும் போக்கிட் சில யூரோவில் வயிற்றை நிரப்பிவிடும். ஞாயிறு இரவு பல கடைகள் மூடியிருக்கும்.

கிராந்த்-தேரில் வீடு பார்க்கும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய்கள் பழசு, முறைவைத்து நீரை நிறுத்துவார்கள். தொட்டி இல்லாத வீட்டில் கடலில் குளித்த உப்போடு தூங்க நேரும். சேந்த்-ஆன் கடலைப் பவளப்பாறை அணைபோட்டுக் காப்பதால் பிள்ளைகளுக்குப் பயமில்லை. கிழக்கு முனையில் புவாந்த் தே ஷாத்தோ பாறைகளை நின்று பார்ப்பதோடு சரி, நீந்தும் இடமில்லை. கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரம் கண்டால் நிழலுக்குக்கூட ஒதுங்காதீர்கள். அது மான்சினீல், மழையில் அதன் பால் சொட்டினால் தோல் கொப்புளித்துவிடும், பழம் நஞ்சு.

மாதம் எது? என் கணக்கில் ஜனவரி நடு. மழை குறைந்திருக்கும், கிறிஸ்துமஸ் கட்டணம் இறங்கியிருக்கும், பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்திருக்காது. வசந்தத்திலிருந்து சர்காசம் கடற்பாசி கிழக்கு, தெற்குக் கரைகளில் ஒதுங்கி அழுகும், அழுகிய முட்டை நாற்றம். 2011 முதல் இந்தத் தொல்லை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புயலின் உச்சக் காலம். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ தீவைப் புரட்டிப் போட்டதை இன்னும் சொல்வார்கள். ஜனவரியில் ஞாயிறுதோறும் கார்னிவல் ஊர்வலம், தோல்பறைச் சத்தம் தெருவை அதிர வைக்கும். சாலை மூடியிருக்கும் என்பதால் அன்றைக்குத் தொலைதூரத் திட்டம் எதுவும் வேண்டாம்.

காரை விமானச் சீட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள், பருவத்தில் மிஞ்சாது. முன்பணம் பிடிக்க ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டை கேட்பார்கள். திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் மாலையில். கடைசி நாளை லெ கோசியேர் கடற்கரையில் கழித்துவிட்டுப் போகலாம், அங்கிருந்து விமான நிலையம் பக்கம். பெட்ரோல் விலையை அரசே கட்டுப்படுத்துவதால் மலிவான பங்க்கைத் தேடி அலைய வேண்டாம், முந்தின இரவே நிரப்பி வைத்துவிடுங்கள்.