எந்தக் கடனை விடாமல் கட்டுவது?

2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று நம் நாடு அறிவித்ததும் 'வங்குரோத்து' என்ற சொல் லயத்துக்கு லயம் பேச்சாகிவிட்டது. ஆனால் அப்போதும் எல்லாக் கடனையும் நிறுத்தவில்லை. உலக வங்கிக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எதை நிறுத்துவது, எதை விடாமல் கட்டுவது என்று பிரித்துப் பார்த்தார்கள்.

நம் வீட்டிலும் அப்படிப் பிரிக்கிறோமா? தனி ஆளின் வங்குரோத்துக்கு 1853லேயே இங்கே சட்டம் வந்தது. லயத்திலிருந்து அதற்காகக் கோர்ட்டுப் படி ஏறியவரை நாங்கள் கண்டதில்லை. நாம் செய்வதெல்லாம் சம்பளத்தன்று யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பதுதான்.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். கடைப்பற்று, அடகில் தாலிக்கொடி, கிழமைக் கடன், பக்கத்து லயத்து அக்கா பிணை நின்ற கடன். நாலையும் கட்ட வழியில்லை. கடைப்பற்று நின்றால் நாளைக்கு ரொட்டி சுட மா இல்லை. அடகை அப்படியே விட்டால் தவணை முடிந்து தாலிக்கொடி ஏலத்துக்குப் போகும். பிணைக் கடனை விட்டால் நம் கடனுக்கு அந்த அக்கா கொழுந்து பறிக்க வேண்டி வரும். எது முதலில் என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆம்பளைகள் தனியாக முடிவெடுக்க வேண்டாம். பற்றுக் கொப்பி யார் கையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

முடிவெடுத்ததும் தவணைக்கு முன்னமே போய், "மாசம் இவ்வளவுதான் முடியும் முதலாளி, ஆனா விடமாட்டோம்" என்று சொல்லுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். மற்றக் கடன்காரர்களுக்கும் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். ஒளிந்து திரிந்தால் சந்தேகம்தான் கூடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். விரும்பிக் கட்டுவது வேறு, புதுக் கடதாசியில் கையெழுத்து வைப்பது வேறு. 20,000 ரூபாய்க்கு மாதம் 100க்கு 5 வட்டி என்றால் மாதம் 1,000. ஆறு மாத வட்டி 6,000 பாக்கி. "புது நோட்டு எழுதுவோம்" என்று 26,000க்கு எழுதினால் வட்டிக்கும் வட்டி ஏறி மாதம் 1,300 ஆகிவிடும். கடனுக்கு வழக்குப் போட 1871ஆம் ஆண்டுச் சட்டம் காலவரை வைத்திருக்கிறது: கடைப்பற்றுக்கு 1 வருடம், எழுதிக் கொடுத்த கடனுக்கு 6 வருடம். புதிதாக எழுதிக் கொடுத்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கடைக்காரரை ஏமாற்ற இதைச் சொல்லவில்லை. எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கத்தான் சொல்கிறோம். வெற்றுக் கடதாசியில் மட்டும் யார் கேட்டாலும் வைக்காதீர்கள்.

இந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவதும் வேண்டாம்.

கடைப்பற்றுக் கணக்கில் தகராறு வந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. வக்கீல் பிடிக்கத் தேவையில்லை. போகும்போது ரசீதுகளையும் பற்றுக் கொப்பியையும் மறக்காமல் கொண்டு போங்கள்.