நாளைக்கு ரிலீஸ், இன்றிரவு போனைத் தொடாதீர்கள்

2015 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை. மறுநாள் அமெரிக்கத் தியேட்டர்களில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ரிலீஸ். விமர்சகர்கள் அதற்குள் படத்தைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். இயக்குநர் ஜாஷ் டிராங்க் போனை எடுத்து ட்விட்டரில் இரண்டு மூன்று வரி தட்டினார். ஒரு வருஷத்துக்கு முன்னால் தன்னிடம் இந்தப் படத்தின் அருமையான வடிவம் ஒன்று இருந்தது, அது வந்திருந்தால் நல்ல விமர்சனம் கிடைத்திருக்கும், நீங்கள் அதைப் பார்க்கப்போவதில்லை என்பது சாரம். பிறகு அழித்துவிட்டார். அழித்து என்ன பயன்? ஸ்க்ரீன்ஷாட் எடுக்க எத்தனை விநாடி ஆகும்?

அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. சொன்ன நாள்தான் தப்பு. வேலையை ஏற்றபோதே சொல்லியிருக்க வேண்டியதை ரிலீஸுக்கு முந்தின ராத்திரி சொன்னார்.

ஓடாமல் நின்றுபோன ஒன்றைத் தூசி தட்டி மறுபடி ஓட வைக்கும் பொறுப்பு எல்லா ஆபீஸிலும் யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. ரீலாஞ்ச் என்பார்கள், ரீவேம்ப் என்பார்கள், வெர்ஷன் 2 என்பார்கள். அது உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தப் படத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. திரையில் வந்த கதையைச் சொல்லவில்லை, திரைக்குப் பின்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். செலவு சுமார் 12 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் வந்தது 2.6 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே ஒரு வாரம் ஓடியிருந்த 'மிஷன் இம்பாசிபிள்' படம்கூட அந்த வாரம் இதை முந்தியது. உலகம் முழுக்கச் சேர்த்து 16.8 கோடி. செலவைவிட அதிகம்தானே என்று கேட்கலாம். வசூலில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. படம் பார்த்துவிட்டு வெளியே வருபவர்களிடமே மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோரில் 'சி மைனஸ்'. ராட்டன் டொமேட்டோஸில் ஆதரவான விமர்சனம் 100-க்கு 9. மோசமான படம், மோசமான இயக்குநர் என்று ராஸி விருதுகள் வேறு. 2017 ஜூனுக்குத் தேதி குறித்திருந்த இரண்டாம் பாகத்தை, படம் வந்த அதே ஆண்டு நவம்பரிலேயே ஸ்டுடியோ பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இதற்கு முன்னால் டிராங்க் எடுத்தது ஒரே ஒரு படம். 2012-இல் வந்த 'க்ரானிக்கிள்'. 1.2 கோடி டாலரில் எடுத்து 12.6 கோடி சம்பாதித்த படம். அப்போது அவருக்கு 28 வயதுகூட நிரம்பவில்லை. சின்ன வேலையைச் சுத்தமாகச் செய்து காட்டினார், பத்து மடங்கு பெரிய வேலையைத் தூக்கிக் கொடுத்தார்கள். அப்ரைசலில் நல்ல பெயர் வாங்கிய எல்லோருக்கும் பழக்கமான கதைதான். இந்த இடத்தில் நம் ஆட்கள் செய்கிற தப்பு என்னவென்றால், சம்பளம் எவ்வளவு, டெசிக்னேஷன் என்ன, எத்தனை பேர் எனக்குக் கீழே என்பதை மட்டும் கேட்டுவிட்டுக் கைகுலுக்கிவிடுவது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இதை ஏன் இப்போது மறுபடி செய்கிறீர்கள்?

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' விஷயத்தில் அதற்கு விடை ஊருக்கே தெரியும். 1961-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய மார்வெல் பாத்திரங்கள் இவை. படமெடுக்கும் உரிமை மட்டும் வெளியே போயிருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அந்த உரிமை கையில் தங்கும். இந்தக் கெடுவுக்குப் பயந்து 1990-களில் சுமார் 10 லட்சம் டாலரில் ஒரு படத்தை எடுத்து முடித்து, அதைத் தியேட்டர் பக்கமே கொண்டுபோகாமல் விட்ட வரலாறும் இந்த நால்வருக்கு உண்டு. 2005-இலும் 2007-இலும் வந்த படங்களுக்குப் பிறகு ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு மறுபடி கெடு நெருங்கியது. ஒரு படம் வந்தே ஆக வேண்டும். என்ன படம் என்பது அப்புறம்.

இது கேவலமான காரணம் ஒன்றும் இல்லை. பாதி கம்பெனிகளில் பாதி வேலை லைசென்ஸ் காலாவதி ஆகிவிடுமே என்றுதான் நடக்கிறது. ஆனால் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேதிக்காக ஓடுகிற வேலையில் உங்கள் கனவைக் கொண்டுபோய் வைத்தால், கடைசி மாதத்தில் வெட்டுப்படப்போவது தேதியாக இருக்காது.

டிராங்க் கனவோடுதான் போனார். டேவிட் க்ரோனன்பெர்க் படங்களைப்போல, உடம்பு தன்னிஷ்டத்துக்கு உருமாறுவதன் பயங்கரத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. திரைக்கதையை ஆரம்பத்தில் எழுதிய ஜெரமி ஸ்லேட்டருக்கோ 'அவெஞ்சர்ஸ்' மாதிரி குதூகலமான படம் வேண்டும். அந்தக் குதூகலம் டிராங்குக்குப் பிடிக்காது. ஸ்டுடியோவுக்குக் கெடு முடிவதற்குள் ஒரு சூப்பர் ஹீரோ படம் வேண்டும். மூன்று பேரும் ஒரே பெயரைச் சொல்லி மூன்று படத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார்கள். தான் எழுதியதில் ஒரே ஒரு வசனம்தான் கடைசியில் மிஞ்சியது என்று ஸ்லேட்டர் பின்னால் சொன்னார். டைட்டிலில் அவர் பெயர் இருக்கிறது.

எனக்கு இந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில், நிறுத்தி வைத்திருந்த ஞாயிறு இணைப்பிதழைப் புதுப்பிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எட்டுப் பக்கத் தீபாவளிச் சிறப்பிதழ் ஒன்றை உருப்படியாகச் செய்திருந்தேன், அதற்குப் பரிசு. "இளைஞர்கள் படிக்கணும், சீரியஸா இருக்கணும்" என்றார் ஆசிரியர். "சார், ராசிபலன், சமையல் ரெண்டும் இல்லாம விளம்பரம் வாங்க முடியாது" என்றார் விளம்பர மேலாளர். இரண்டு பேரிடமும் "சரிங்க சார்" என்றேன். நாலாவது இதழில், துப்புரவுப் பணியாளர்களின் இரவு வேலை பற்றிய கட்டுரை முடிகிற பக்கத்தைத் திருப்பினால் கத்தரிக்காய் ரசவாங்கி. ஒரு வாசகர் போஸ்ட் கார்டில் ஒரே வரி எழுதியிருந்தார்: இது யாருக்கான புத்தகம்?

அந்தக் கேள்விக்கு முதல் மீட்டிங்கிலேயே பதில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பெரிய ஒப்பந்தமெல்லாம் வேண்டாம். மீட்டிங் முடிந்த அன்று சாயங்காலமே ஒரு மெயில்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. இன்னாருக்காகச் செய்கிறோம். இதைச் செய்வோம், இதைச் செய்ய மாட்டோம். தப்பாக இருந்தால் திருத்துங்கள்." 'செய்ய மாட்டோம்' என்கிற வரிதான் முக்கியம். அங்கேதான் சண்டை வரும். வரட்டும். முதல் மாதத்துச் சண்டை ஒரு கப் டீயோடு முடிந்துவிடும். அந்தச் சண்டையில் தோற்றால் உங்களுக்கு இரண்டு வழி: அவர்கள் சொல்வதை மனமொப்பிச் செய்வது, அல்லது விலகுவது. உள்ளே இருந்துகொண்டே ரகசியமாக உங்கள் படத்தை எடுத்துக்கொண்டிருப்பது மூன்றாவது வழி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படி எடுத்தால் ஒட்டுப்போட்டது தெரியும். இந்தப் படத்தில் அது தெரிகிற இடம் ஒன்று உண்டு. படத்தின் நடுவே விபத்து நடக்கிறது. நாயகன் ரீட் ரிச்சர்ட்ஸ் கண் விழித்துப் பார்த்தால் கை கால்கள் ரப்பராக நீண்டு மேஜைகளில் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. நண்பன் பென் உடம்பெல்லாம் பாறையாகிக் காப்பாற்றச் சொல்லிக் கதறுகிறான். சில நிமிஷங்களுக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைகிறது. டிராங்க் மனதிலிருந்த படம் இதுதான் போலிருக்கிறது என்று நிமிர்ந்து உட்காருகிறோம். உடனே 'ஒரு வருடம் கழித்து' என்று திரையில் எழுத்து வருகிறது. அந்த ஒரு வருஷத்தில் என்ன நடந்தது, இவர்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்பதெல்லாம் காணோம்.

அதைவிட வேடிக்கை நடிகை கேட் மாராவின் தலைமுடி. முதல் படப்பிடிப்பு 2014-இல் லூசியானாவில் முடிந்தது. ஸ்டுடியோவுக்குத் திருப்தியில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பல காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். செட்டில் தான் இருந்தாலும் கடிவாளம் தன் கையில் இல்லை என்று டிராங்க் பின்னால் ஒரு பேட்டியில் விவரித்தார். இடையில் மாரா முடியைக் குட்டையாக வெட்டியிருந்ததால், மறுபடி எடுத்த காட்சிகளில் விக் வைத்தார்கள். நிறமும் சேரவில்லை, அடர்த்தியும் சேரவில்லை. எந்தக் காட்சி பழையது, எது ஒட்டுப்போட்டது என்று ரசிகர்கள் அந்த விக்கை வைத்தே பிரித்துச் சொன்னார்கள். பல கோடி டாலர் கிராஃபிக்ஸ் பக்கத்தில் நிற்கும்போது கண் போய் நிற்பது அந்த விக்கில்.

நாலு பேர் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திய ஸ்லைடு டெக்கில் பன்னிரண்டாம் பக்கம் மட்டும் வேறு எழுத்துருவில் இருக்குமே, அதுவும் விக்தான். கிளையன்ட் எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்ப்பார். ஒட்டுப்போடுவது தவிர்க்க முடியாமல் போனால், கடைசி ஒரு நாளைத் தையல் மறைக்க மட்டும் ஒதுக்குங்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். டெமோவில் காட்டிவிட்டு வெட்டியதையும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பென் விமானத்திலிருந்து குதிக்கிற காட்சி டிரெய்லரில் வந்தது, படத்தில் இல்லை. டிக்கெட் வாங்கியவருக்கு இந்த மாதிரி விஷயங்கள் மறக்காது.

சரி, எல்லாம் கையை மீறிவிட்டது, நாளைக்கு ரிலீஸ். இப்போது?

என் இணைப்பிதழ் மறுபடி நின்றுபோன நாளில் நானும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நீளமான செய்தி தட்டினேன். நான் முதலில் போட்ட டம்மி இதழ் எவ்வளவு நன்றாக இருந்தது, யார் யார் அதைக் கெடுத்தார்கள் என்று பெயர் பெயராக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெய்ப்புத் திருத்துகிற அண்ணன் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸ். "தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்க. காலைல அனுப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காலையில் படித்தேன். ரசவாங்கியை ஃபைனல் செய்து கையெழுத்துப் போட்டது நான்தான் என்பது அந்தச் செய்தியில் எங்கேயும் இல்லை.

தோல்வியை ஒத்துக்கொள்வதற்கு நல்ல உதாரணம் ஜோயல் ஷூமாக்கர். 1997-இல் அவர் எடுத்த 'பேட்மேன் அண்ட் ராபின்' பட்ட அடி ஊரறிந்தது. பொம்மை விற்கத் தோதாகப் படமெடுக்கும்படி அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருந்தது. ஆனால் பின்னால் பேசும்போது, ஆசையோடு வந்தவர்களை ஏமாற்றியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பழியைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். நடுவில் 'டைகர்லேண்ட்' என்று சிறு பட்ஜெட்டில் ஒரு படம் எடுத்தார், அதிலிருந்து காலின் ஃபாரலுக்கு வாழ்க்கை பிறந்தது. பெரிய அடிக்குப் பிறகு உடனே அதைவிடப் பெரிய வேலையைத் தேடி ஓடாமல், கைக்கு அடங்கிய ஒன்றைச் செய்தார். என்னைக் கேட்டால் இதுதான் புத்திசாலித்தனம்.

நீங்கள் டீமில் ஒருவர் மட்டும்தான் என்றால் இன்னும் சுலபம். படத்தில் ஜானி ஸ்டார்மாக வந்த மைக்கேல் பி. ஜோர்டானுக்கு அதே ஆண்டு நவம்பரில் 'க்ரீட்' வந்தது. கேட் மாராவுக்கு அக்டோபரில் 'தி மார்ஷியன்'. தோல்வி வருவதற்கு முன்பே அடுத்த வேலையை முடித்துக் கையில் வைத்திருந்தார்கள். ஸ்லேட்டர் 'மூன் நைட்' தொடரை எழுதப் போனார். ஒரு பிராஜெக்ட் ஆட்டம் காண்கிறது என்று மூக்கில் வியர்க்கும்போதே ரெஸ்யூமேயைத் தூசி தட்டுவது துரோகம் ஆகாது.

இயக்கியவருக்குத்தான் கணக்கு நீண்டது. டிராங்க் கையில் இருந்த ஸ்டார் வார்ஸ் படம் 2015 மே மாதமே போயிருந்தது. அடுத்த படம் 'கபோன்' வர 2020 ஆனது. அதற்குச் சில மாதம் முன்பு, 2019 நவம்பரில், லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் தன் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்துக்குத் தானே ஒரு விமர்சனம் எழுதினார். நடிகர்களைப் பாராட்டினார். ஒரே படத்துக்குள் இரண்டு படங்கள் முட்டிக்கொள்கின்றன என்று சொன்னார். யாரையும் திட்டவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டுக்கொண்டார்.