ரத்தக்காட்டேரிக்கும் சோற்றுக் கணக்கு உண்டு

ஆரணியை வைத்து ரத்தக்காட்டேரிக் கதை எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு:

1. முதலில் வாய்ப்பாடு. கடிபட்டவரெல்லாம் காட்டேரி ஆவார் என்று வைத்தால் கதை நிற்காது. மாதம் ஒருவரைக் கடித்தாலே ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 2011 கணக்கெடுப்பில் ஆரணி நகரத்தில் 60,000 சொச்சம் பேர். பதினாறாம் மாதம் ஊர் காலி. அப்புறம் யாரைக் கடிக்கும்? எஃப்திமியூ, காந்தி என்ற இரு இயற்பியலாளர்கள் உலகத்துக்கே இப்படிக் கணக்குப் போட்டார்கள். 1600இல் ஒரே ஒரு காட்டேரியோடு தொடங்கினால் இரண்டரை ஆண்டில் மனிதப் பூண்டே இல்லை. ஆகவே கடி தொற்றாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புக்கு வேறு வழி வேண்டும்.

2. பிறப்பு உங்கள் பாடு; சோற்றுக்கு வழி கலிங்கத்துப்பரணியில் இருக்கிறது. சயங்கொண்டாரின் பேய்கள் போரில்லாத காலத்தில் வயிறு ஒட்டிப்போய்க் காளியிடம் முறையிடுகின்றன. கலிங்கப் போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் காய்ச்சிப் பந்தி வைக்கின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருடு, ஊமை, பிள்ளைத்தாய்ச்சிப் பேய்கூட உண்டு. கூட்டத்தில் யார் யார், என்ன ஆகாரம், பஞ்சம் வந்தால் என்ன கதி, எல்லாவற்றையும் மனிதர் யோசித்திருக்கிறார்! 1897இல் வந்த டிராகுலாவையும் படியுங்கள். கோட்டையை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள்.

3. ஆரணிக்கும் களம் உண்டு. 1751 டிசம்பரில் கிளைவ் இங்கே சண்டையிட்டார். 1782 ஜூனில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். இரண்டு விருந்துக்கு நடுவே முப்பது வருடப் பட்டினி. எழுத வேண்டியது அந்தப் பட்டினியைத்தான். தென்னமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். கூட்டாளி கக்கி ஊட்டினால் பிழைக்கும். உங்கள் கூட்டத்தில் யாருக்கு யார் ஊட்டுவார்?

4. காட்டேரியைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெயரை வில்லனுக்கு வைக்குமுன் யோசியுங்கள்.

5. ஒளிய இடம். வெயிலுக்கு அஞ்சுகிறவர் இந்தப் பட்டுநெசவு ஊரில் நெசவாளியாக நடிக்க முடியாது. பாவு நீட்டுவது காலையில், நடுத்தெருவில், நாலு பேரோடு. தறிச் சத்தம் நின்றால் எதிர்வீட்டம்மா வந்து விசாரிப்பார். சாயப் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். கையெல்லாம் சிவப்பாக இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தோய்த்த பட்டு நூலை நிழலில்தான் உலர்த்துவார்கள், அதுவும் உங்களுக்கு வசதி.