சீன மொழியையும் சீனத் திருச்சபையையும் அறிய விரும்பும் கிறிஸ்தவர்களுக்கு: பயனுள்ள 12 குறிப்புகள்

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு நெருங்கிப் பழக விரும்புகிறவர், ஊழியத்துக்காக மாண்டரின் படிக்கிறவர், சீனச் சபைகளுக்காக ஜெபிக்கிறவர் எனப் பலருக்கும் இந்த ஆவல் உண்டு. சொல்லிக்கொடுக்கப் போகிறவராக அல்லாமல், கேட்டுக் கற்கப் போகிறவராகத் தொடங்குங்கள். மொழியும் வரும், நட்பும் வரும்.

1. முதலில் காதைப் பழக்குங்கள். மாண்டரினில் நான்கு தொனிகள். அழுத்தமில்லாத இலேசான உச்சரிப்பும் உண்டு. 'மாய்' என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது. மேலிருந்து சட்டென இறக்கினால் விற்பது. ஒவ்வொரு சொல்லையும் தொனியோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

2. சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். 1958-ல் சீன அரசு ஏற்ற 'பின்யின்' முறையையே பழகுங்கள். ப, த, க போன்ற ஒலிகள் அங்கே மூச்சுக்காற்றோடும், அது இல்லாமலும் வரும். உதட்டருகே மெல்லிய தாளைப் பிடித்து 'ப' ஒலியைச் சொல்லிப் பாருங்கள். மூச்சு சேர்ந்தால் தாள் ஆடும். நமக்கு ஒரு வசதியும் உண்டு: பெய்ஜிங் பேச்சின் நாமடி ரகரம் நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது.

3. எந்த எழுத்து என்பதை, யாரோடு பழகப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சீனா, சிங்கப்பூர், மலேசியப் பள்ளிகளில் எளிதாக்கப்பட்ட எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய மரபெழுத்து.

4. கைப்பேசியில் 'ப்ளெகோ' அகராதியை ஏற்றிக்கொள்ளுங்கள். அடிப்படைப் பதிப்பு இலவசம். தெரியாத எழுத்தைத் திரையில் விரலால் வரைந்தும் தேடலாம்.

5. வேதாகமம் வாங்குமுன், நீங்கள் போகும் சபையில் எதை வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். சீர்திருத்த சபைகளில் பெரும்பாலும் 1919-ல் வெளிவந்த யூனியன் மொழிபெயர்ப்பு. கடவுளை 'ஷென்' என்று குறிக்கும் பதிப்பு, 'ஷாங்தி' என்று குறிக்கும் பதிப்பு என இரண்டு கிடைக்கும். கத்தோலிக்கர் வாசிப்பது 1968-ல் நிறைவுற்ற 'ஸுகாவ்' விவிலியம். அவர்களுக்குக் கடவுள் 'தியென்ஜூ'.

6. மனப்பாடமாகத் தெரிந்த பகுதிகளிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்: கர்த்தர் கற்பித்த ஜெபம், 23-ம் சங்கீதம், யோவான் 3-ம் அதிகாரம். பொருள் முன்பே தெரிவதால் எழுத்து விரைவில் பிடிபடும். வாரம் ஒரு வசனத்தைப் பின்யினோடு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். யூவெர்ஷன் செயலியில் தமிழையும் சீனத்தையும் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்கலாம்.

7. சீனத் திருச்சபையின் வரலாற்றைச் சீர்திருத்த சபை மிஷனரி ராபர்ட் மாரிசனிலிருந்து தொடங்காதீர்கள். சிரியத் திருச்சபையின் அலொபென் 635-லேயே சீனத் தலைநகருக்கு வந்துவிட்டார். அதைச் சொல்லும் 781-ம் ஆண்டுக் கல்வெட்டை சீயான் நகரின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். 1294-ல் பெய்ஜிங் சேர்ந்த கத்தோலிக்க மிஷனரி மொந்தெகொர்வினோ யோவான், வழியில் இந்தியாவில் புனித தோமா ஆலயப் பகுதியில் ஓராண்டுக்கு மேல் தங்கியவர். 1601-ல் பெய்ஜிங் போன கத்தோலிக்க மிஷனரி மத்தேயு ரிச்சி, 1807-ல் வந்த மாரிசன் ஆகியோரை அதன் பிறகு படியுங்கள். மாரிசனின் சீன வேதாகமம் 1823-ல் நிறைவுற்றது. அதற்கு ஓராண்டு முன்பே வங்காளத்துச் செராம்பூரில் மிஷனரி மார்ஷ்மனின் சீன வேதாகமம் வந்துவிட்டது.

8. மிஷனரிகளின் வாழ்க்கை வரலாற்றோடு நின்றுவிடாதீர்கள். சீன விசுவாசிகளின் சாட்சியை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். வாட்ச்மேன் நீ நம் சபைகளில் பலர் வாசிக்கும் பெயர். வாங் மிங்தாவ், ஜான் சங் ஆகியோரின் வாழ்க்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

9. பாடிக் கற்றுக்கொள்ளுங்கள். ஹெனான் மாநில விவசாயக் குடும்பத்துப் பெண் சியாவ்மின், முறையான இசைப் பயிற்சி இல்லாமலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். 'கானான் பாடல்கள்' எனப்படும் அவற்றின் சொற்கள் எளியவை. ஆனால் மெட்டில் தொனி மறைந்துவிடும். வரிகளைப் பேச்சாகவும் சொல்லிப் பாருங்கள்.

10. சீனர் வீட்டுக்குப் போகும்போது செருப்பைக் கழற்றுங்கள். எதையும் இரு கைகளாலும் கொடுங்கள். சீனப் புத்தாண்டென்றால் சிங்கப்பூர், மலேசிய வீடுகளுக்கு இரண்டு மாண்டரின் ஆரஞ்சு போதும். கடிகாரத்தைப் பரிசாகத் தராதீர்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றுவதை நினைவூட்டும்.

11. ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளில் குடும்பங்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும். ஊதுபத்தியைப் பிடிப்பதா வேண்டாமா என்பது சீனக் கிறிஸ்தவர் பலருக்கு வீட்டுக்குள்ளேயே எழும் வேதனையான கேள்வி. முன்னோர் சடங்குகளைக் கத்தோலிக்கருக்கு 1715-ல் தடைசெய்த ரோம், 1939-ல்தான் அனுமதி தந்தது. ஆகவே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், அந்தக் குடும்பம் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று அன்போடு கேளுங்கள்.

12. சீனாவிலிருக்கும் விசுவாசிகளின் பெயர், படம், கூடும் இடம் எதையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அங்கே பதிவுபெற்ற சபைகளும் உண்டு, பதிவில்லாத வீட்டுச் சபைகளும் உண்டு. நாஞ்சிங் நகரின் அமிட்டி அச்சகம் 2019-க்குள் 20 கோடி வேதாகமங்களை அச்சிட்டது. ஆனால் 2018 முதல் சீன இணையக் கடைகளில் வேதாகமம் விற்பதில்லை. இந்த இரண்டும் ஒரே நாட்டில்தான் நடக்கின்றன. எனவே ஒற்றைச் செய்தியை வைத்து முழுத் திருச்சபையையும் அளக்காமல், "உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று சீன நண்பரிடமே கேளுங்கள். அதை மாண்டரினில் கேட்குமளவு மொழி வருவதை உங்கள் முதல் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.