மின்சாரமும் ஒரு சரக்குதான்: மின் சந்தை இயங்கும் விதம்

அரிசிக்கும் பருப்பிற்கும் கொள்முதல் விலை எங்கே, எப்படி முடிவாகிறது என்பது நமக்கு அத்துபடி. ஆனால் கடையில் இரவும் பகலும் செலவாகும் மின்சாரத்தின் கொள்முதல் விலை எங்கே முடிவாகிறது? மின் கட்டணம் உயரும்போதெல்லாம் நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி இது. இந்தப் பாடத்தில் அதைக் காண்போம்.

கிட்டங்கி இல்லாத சரக்கு

கொடைக்கானல் மலைப்பூண்டைப் பரணில் கட்டி வைத்து, விலை வரும்போது விற்கலாம். மின்சாரத்தைப் பெருமளவில் அப்படி இருப்பு வைக்க இயலாது. உற்பத்தியாகும் நொடியிலேயே அது செலவாக வேண்டும்.

ஆகவே மின் தொகுப்பை ஒரு பெரிய தராசு எனலாம். ஒரு தட்டில் உற்பத்தி, மறு தட்டில் தேவை. தராசின் முள்தான் அதிர்வெண். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். தேவை கூடினால் மின் நிலையங்களின் சுழலிகள் இழுபட்டு வேகம் குறையும். முள் 50-க்குக் கீழே இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். 49.90 முதல் 50.05 வரை முள்ளை நிறுத்துவதே இன்றைய விதி. அபாய அளவிற்கு இறங்கினால், தொகுப்பைக் காப்பாற்றச் சில மின்பாதைகள் தாமாகவே துண்டிக்கப்படும்.

மின்சார மண்டி

முன்பு அந்தந்த மாநில மின் வாரியமே உற்பத்தி செய்து விற்றது. மத்திய நிலையங்களிலிருந்து ஒரு பங்கும் வந்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இதை மாற்றியது. 2008-இல் மின் பரிமாற்றச் சந்தைகள் தொடங்கின.

இவற்றை ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையோடு ஒப்பிடலாம். வித்தியாசம் இரண்டு. ஒன்று, இங்கே நாளைய சரக்கு இன்றே ஏலம் போகிறது. ஒரு நாளைப் பதினைந்து நிமிடம் வீதம் 96 கூறுகளாக்கி, ஒவ்வொன்றிற்கும் தனி விலை. இரண்டு, ஏலம் மூடிய முறையில் நடக்கிறது. ஒருவர் கேட்ட விலை மற்றவருக்குத் தெரியாது.

விலை எப்படி முடிவாகிறது? ஓர் உதாரணம். 40 யூனிட்டை 3 ரூபாய்க்குத் தர ஒருவர், 40 யூனிட்டை 4 ரூபாய்க்குத் தர இன்னொருவர், 40 யூனிட்டை 6 ரூபாய்க்குத் தர மூன்றாமவர் முன்வருகிறார்கள். தேவை 70 யூனிட் என்றால் முதல் இருவரே போதும். விலை 4 ரூபாய். தேவை 100 ஆனால் மூன்றாமவரையும் அழைக்க வேண்டும். விலை 6 ரூபாய். கவனியுங்கள்: 3 ரூபாய்க்குத் தரச் சம்மதித்தவருக்கும் அதே 6 ரூபாய்தான். கடைசியாகத் தேவைப்பட்ட சரக்கின் விலையே எல்லோருக்கும் விலை. சூரிய மின்சாரம் நிறைந்த நண்பகலில் விலை இறங்குவதும், விளக்கேற்றும் நேரத்தில் ஏறுவதும் இதனால்தான். 2022-இல் யூனிட் 20 ரூபாய் வரை போனதால் ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. 2023-இல் அது 10 ரூபாயாயிற்று.

பாதை அடைபட்டால்

மலைச்சாலையில் மண் சரிந்தால் என்ன ஆகிறது? பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கேரட் தேங்கி விலை சரியும். வத்தலக்குண்டுக்குக் கீழே விலை ஏறும். சரக்கு உண்டு, பாதைதான் இல்லை.

2012-இல் தமிழகம் பட்ட பாட்டிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. உற்பத்திப் பற்றாக்குறை ஒரு பக்கம். வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால் போதிய மின்பாதை இல்லை. ஒரே சந்தையில், ஒரே நேரத்தில், தென் மாநிலங்களுக்கு விலை அதிகமாயிற்று. பல மணி நேர மின்வெட்டில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் புகைந்ததை நாம் மறக்கவில்லை. 31-12-2013 அன்று ரெய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியே தென் தொகுப்பு நாட்டின் தொகுப்போடு இணைந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியத் தொகுப்பு சரிந்து கோடிக்கணக்கானோர் இருளில் மூழ்கியபோது, தனித்து நின்றதால் தெற்கு தப்பியது. பாதை சேர்ந்தால் சரக்கு வரும். கூடவே பொறுப்பும் வரும்.

சொன்ன சொல் தவறினால்

நாளைக்கு இவ்வளவு எடுப்போம் என்று ஒவ்வொரு மாநிலமும் முன்கூட்டியே சிட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். மீறி எடுத்தால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். இம்முறை தென் மண்டலத்தில் 2003-இல் வந்தது. அதற்குப் பின் அதிர்வெண் வெகுவாகச் சீரடைந்தது.

ஆனால் காற்று சிட்டைக்குக் கட்டுப்படுமா? பழனி மலைக்கு வடமேற்கே உடுமலைப் பக்கமும், தெற்கே தேனி மாவட்டத்திலும் காற்றாலைகள் சுழல்வதைக் காண்கிறோம். மே முதல் செப்டம்பர் வரை அவற்றின் பருவம். காற்று திடீரென ஓய்ந்தால் வேறு நிலையங்கள் கைகொடுக்க வேண்டும். அடுத்துள்ள ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் இதற்கு உதவுகிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணை நீரை மேலே ஏற்றி வைக்கிறது. தட்டுப்பாட்டின்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறது. இந்தச் சரக்கிற்கு அதுவே ஒரு கிட்டங்கி. கடைசி நேர ஏற்றத்தாழ்வுக்கென 2020 ஜூன் முதல் அரை மணிக்கு ஒரு ஏலமும் நடக்கிறது.

நமக்கு என்ன?

சிறு கடைக்காரர் இந்தச் சந்தையில் நேரே வாங்க முடியாது. நமக்காக வாங்குவது மின் வாரிய நிறுவனமே. பெரும்பகுதியை நீண்டகால ஒப்பந்தங்களிலும், குறையும் அளவைச் சந்தையிலும் வாங்குகிறது. 2-5-2024 அன்று தமிழகத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய கோடை மாலைகளில் வாங்கும் விலையுயர்ந்த சரக்கின் செலவும் இறுதியில் கட்டணக் கணக்கில்தான் சேரும். கொடைக்கானலில் சீசன் களைகட்டுவதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். குளிர்பெட்டி, அலங்கார விளக்கு முதலியவற்றில் மாலை நேரத்தில் தேவையற்றதை நிறுத்துவது நம் கையில் உள்ளது.

இன்னொன்றும் நம் கையில் உள்ளது. கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். உத்தரவிடுவதற்கு முன் பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பெற்றுப் பரிசீலிக்க வேண்டும் என்பது சட்டம். "ஏன் ஏற்றினீர்கள்?" என்று வெறுமனே கேட்டால் பதில் வராது. "எவ்வளவு வாங்கினீர்கள், எந்த நேரத்தில், என்ன விலைக்கு, முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்?" என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மண்டிக் கணக்கில் பழுத்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அடுத்த கருத்துக்கேட்பிற்கு இப்போதே ஆயத்தமாவோம்.